வருங்காலத்தவர் வசதியானவர்கள் என்றால், செலவு ஏன் நமக்கு?

கேள்வி: நமக்குப் பின்னால் வருகிறவர்கள் நம்மைவிட வசதியாகத்தான் இருப்பார்கள். அப்புறம் பருவநிலை மாற்றத்தைத் தடுக்கும் செலவை நாம் ஏன் இப்போதே சுமக்க வேண்டும்?

பதில்: பொருளாதார அறிஞர்களே இதில் ஒன்றுபடவில்லை. பின்னால் வரும் இழப்புக்கு இன்று என்ன மதிப்பு என்று பார்க்க, வட்டிக் கணக்கைத் தலைகீழாகப் போடுவதுபோல் ஆண்டுக்கு ஒரு விகிதத்தில் அதைக் குறைப்பார்கள், அந்த விகிதம் எவ்வளவு என்பதில்தான் சண்டை. 100 ஆண்டுகள் கழித்து வரப்போகும் ஒரு கோடி ரூபாய் மதிப்புள்ள சேதத்தை ஆண்டுக்கு 5 சதவீத விகிதத்தில் இப்படிக் குறைத்துப் பார்த்தால் இன்றைய மதிப்பு சுமார் 76 ஆயிரம்தான், 1.4 சதவீதம் என்று வைத்தால் கிட்டத்தட்ட 25 லட்சம். 2006-இல் பிரிட்டிஷ் அரசுக்காகப் பருவநிலை மாற்றத்தின் பொருளாதாரம் பற்றி அறிக்கை எழுதிய நிக்கோலஸ் ஸ்டெர்ன் ஏறக்குறைய அந்தக் குறைந்த விகிதத்தைத்தான் எடுத்துக்கொண்டார், ஏனென்றால் ஒருவர் பிந்திப் பிறந்தார் என்பதற்காக அவருடைய துன்பத்தைக் குறைத்து மதிப்பிடக் கூடாது என்பது அவர் வாதம். சந்தையில் மக்கள் உண்மையில் நடந்துகொள்வதை, அதாவது அங்கே நிலவும் வட்டி விகிதம் போன்றவற்றை, வைத்துத்தான் விகிதத்தை முடிவு செய்ய வேண்டும் என்றார் அமெரிக்கப் பொருளாதார அறிஞர் வில்லியம் நோர்ட்ஹவுஸ்.

நான் ஸ்டெர்ன் பக்கம். இன்றைய வட்டி விகிதம் இன்று இருப்பவர்களின் விருப்பத்தைத்தான் காட்டும், பிறக்காதவர்களுக்கு அந்தச் சந்தையில் இடமே இல்லை. சரி, வசதியாக இருப்பார்கள் என்றே வைத்துக்கொள்வோம், யார்? சராசரி வருமானம் உயரலாம், ஆனால் கடல் ஏறி நிலத்தை இழப்பவரும் வளர்ச்சியில் லாபம் பார்த்தவரும் ஒரே ஆள் இல்லையே. அதோடு, நாம் வெளியிடும் கரியமில வாயுவில் ஒரு பகுதி ஆயிரக்கணக்கான ஆண்டுகள் காற்றிலேயே தங்கும், அழிந்துபோன உயிரினத்தை எவ்வளவு பணம் இருந்தாலும் மீட்க முடியாது.

எல்லாரும் ஒரே அளவு சுமக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பொறுப்பு பொதுவானது, ஆனால் அளவு வேறுபட்டது என்று 1992-இன் ஐ.நா. பருவநிலை உடன்படிக்கையே ஒப்புக்கொள்கிறது.