வெயிலில் மட்டும் பூக்கள் வெளிறுவது ஏன்?

கேள்வி: பழைய ஹீலியோஸ் 44-2 லென்ஸை அடாப்டர் போட்டு மிரர்லெஸ் கேமராவில் பயன்படுத்துகிறேன். நிழலில் பூக்கள் நன்றாக வருகின்றன. வெயிலில் எடுத்தால் படம் வெளிறிப்போகிறது; சிவப்பு ரோஜா இதழ் மடிப்பே தெரியாமல் ஒரே திட்டாகிவிடுகிறது. லென்ஸில் பழுதா?

பதில்: அநேகமாக இல்லை. ஆனாலும் ஒருமுறை லென்ஸின் பின்னாலிருந்து டார்ச் அடித்து, முன்பக்கமாகச் சாய்த்துப் பாருங்கள். பூஞ்சையோ புகைபோன்ற படலமோ தெரிந்தால் முதலில் அதைச் சுத்தம் செய்யக் கொடுங்கள்.

கண்ணாடி தெளிவாக இருக்கிறதா? சரி, அப்படியானால் காரணம் பூச்சுதான். இக்கால லென்ஸ்களில் ஒளி எதிரொளிப்பதைத் தடுக்கப் பல அடுக்குப் பூச்சு உண்டு. 44-2-இல் ஒற்றை அடுக்குதான். சூரியன் படத்துக்குள் வரவே வேண்டாம், பக்கவாட்டிலிருந்து முன் கண்ணாடியில் பட்டாலே போதும். அந்த ஒளி உள்ளே சிதறி, கறுப்பைச் சாம்பலாக்கிவிடும். 49 மி.மீ. திருகுள்ள ஆழமான ஹூட் (லென்ஸின் முன்னால் மாட்டும் நிழல் வளையம்) ஒன்று மாட்டுங்கள். ஹூட் இல்லாதபோது, திரையைப் பார்த்தபடியே லென்ஸுக்கு மேல் உள்ளங்கையால் நிழல் கொடுங்கள். நிறம் பளிச்சென்று திரும்பும் இடத்தில் கையை நிறுத்தினால் போதும். விலை உயர்ந்த ஃபில்டர்களைவிட இதைத்தான் நான் அதிகம் நம்புகிறேன்.

ரோஜா திட்டாவது வேறு கதை. அங்கே ஒளி மிகையாவதுதான் சிக்கல். உச்சி வெயிலில் ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100, அபெர்ச்சர் (லென்ஸின் திறப்பு) எஃப்/2 என்றால் ஷட்டர் ஏறக்குறைய 1/6400 நொடி வேண்டும். பல கேமராக்களின் மெக்கானிக்கல் ஷட்டர் 1/4000-உடன் நின்றுவிடும். எலக்ட்ரானிக் ஷட்டருக்கு மாறுங்கள், அல்லது மூன்று ஸ்டாப் (ஒவ்வொரு ஸ்டாப்பும் ஒளியைப் பாதியாக்கும்) குறைக்கும் என்டி8 என்ற கருநிற ஃபில்டர் போடுங்கள், 1/800 போதுமானதாகிவிடும். அப்புறம், சிவப்புப் பூவுக்குப் பொதுவான ஹிஸ்டோகிராமை (ஒளி அளவைக் காட்டும் வரைபடத்தை) நம்பாதீர்கள். அது நடுவில் நிற்கும்போதே சிவப்பு மட்டும் வலது ஓரத்தில் முட்டியிருக்கும், அதாவது மடிப்பு விவரம் போயிருக்கும். மூன்று நிறங்களையும் தனித்தனியே காட்டும் ஹிஸ்டோகிராமைப் பார்த்து, ஒரு ஸ்டாப்வரை குறைத்து ரா (கேமரா மெருகேற்றாத மூல) கோப்பாக எடுங்கள்.

அபெர்ச்சரை எஃப்/4-க்கு மூடினால் எளிதாயிற்றே என்று தோன்றும். ஆனால் பின்னணி சுழல்வதுபோல் தெரிகிற அழகுக்காகத்தானே பலரும் இந்த லென்ஸை வாங்குகிறார்கள்? மூட மூட அது மறையும். பூவுக்குச் சில மீட்டர் பின்னால், இலைகளுக்கிடையே வெயில் புள்ளிபுள்ளியாகத் தெரியும் இடம் அமைந்தால் சுழல் நன்றாக வரும். படத்தின் ஓரங்களில்தான் அது அதிகம் என்பதால், சிறிய சென்சார் உள்ள ஏபிஎஸ்-சி கேமராவில் பாதி வெட்டுப்பட்டுப் போகும்.

இந்த லென்ஸ் அரை மீட்டருக்குள் ஃபோகஸ் ஆகாது. சிறிய பூக்களுக்கு லென்ஸுக்கும் கேமராவுக்கும் இடையே மாட்டும் மெல்லிய எக்ஸ்டென்ஷன் ட்யூப் ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள்.