இலவசமாகக் கொடுத்தால் அடுத்த நூல் விற்குமா?

கேள்வி: பத்து ஆண்டுகளில் எழுதிய 14 சிறுகதைகளைத் தொகுத்து முதல் மின்னூலாக வெளியிட இருக்கிறேன். முதல் நூலை இலவசமாகக் கொடுத்தால்தான் வாசகர் சேர்வார்கள், இரண்டாவது நூலை விலைக்கு விற்கலாம் என்கிறாள் தோழி. கிண்டிலில் இலவசமாகப் போடுவதா, கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் எல்லோருக்கும் கொடுத்துவிடுவதா? (தென்காசி வாசகி)

பதில்: தோழி சொல்வதில் நியாயம் இருக்கிறது. பெயர் தெரியாத எழுத்தாளரின் நூலுக்கு ஐம்பது ரூபாய் கொடுக்கவும் வாசகர் தயங்குவார். ஆனால் நீங்கள் குறிப்பிடும் இரண்டு வழிகளும் ஒன்றல்ல. முதலாவதில் விலையைச் சில நாட்களுக்கு விட்டுக்கொடுக்கிறீர்கள். இரண்டாவதில், சில நிபந்தனைகளுடன் யாரும் நூலைப் படியெடுத்துப் பகிரலாம் என்று முன்கூட்டியே அனுமதித்து, உரிமையின் ஒரு பகுதியையே விட்டுக்கொடுக்கிறீர்கள்.

எழுத்தாளர்கள் தாங்களே கிண்டில் நூல் வெளியிட உதவும் அமேசான் சேவை கே.டி.பி.; அதன் செலக்ட் திட்டத்தில் நூலைச் சேர்த்தால், 90 நாள் கொண்ட ஒவ்வொரு தவணையிலும் 5 நாட்கள் வரை அதை இலவசமாக வழங்கலாம். அந்த நாட்களைச் சேர்த்தும் எடுக்கலாம், பிரித்தும் எடுக்கலாம். நாள் முடிந்ததும் பழைய விலை தானே திரும்பிவிடும். இலவச நூல்களின் தரவரிசையும் விலை நூல்களின் தரவரிசையும் வெவ்வேறு என்பதால், இலவச நாளில் முதல் பத்தில் இருந்த நூல் மறுநாளும் மேலேயே நிற்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். அத்துடன், அந்த 90 நாளும் மின்வடிவம் வேறெங்கும், உங்கள் சொந்த வலைப்பூவில்கூட, கிடைக்கக் கூடாது. அச்சு நூலுக்கு இந்தத் தடை இல்லை. தவணை தானாகப் புதுப்பிக்கப்படும். வேண்டாமென்றால் அந்தத் தேர்வை நீங்களே நீக்க வேண்டும்.

கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் திரும்பப் பெற முடியாதது. இதை அழுத்திச் சொல்லக் காரணம், வெளியிட்ட உற்சாகத்தில் பலர் இந்த வரியைப் படிப்பதே இல்லை. நாளை நீங்கள் மனம் மாறி உங்கள் பக்கத்திலிருந்து கோப்பை நீக்கினாலும், ஏற்கெனவே பெற்றவர்கள் உரிம நிபந்தனைப்படி அதைத் தொடர்ந்து பகிரலாம். அப்படிப் பரவிய நூலைப் பிறகு கே.டி.பி. செலக்டில் சேர்க்கவும் இயலாது. ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளம் இந்த உரிமத்தில்தான் தமிழ் நூல்களை வழங்குகிறது. எழுத்து பரவினால் போதும் என்பவருக்கு அது நல்ல இடம். விற்பனையும் வேண்டும் என்பவர் எந்த நூலை அங்கே கொடுப்பது என்று யோசித்துக் கொடுக்க வேண்டும்.

கனடாவில் பிறந்த அறிவியல் புனைகதை எழுத்தாளர் கோரி டாக்டரோவ் 2003-இல் தம் முதல் நாவலை டோர் பதிப்பகம் அச்சில் விற்ற அதே நாளில், மின்கோப்பை கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இலவசமாக வெளியிட்டார். அவர் கொடுத்தது கோப்பு, விற்றது காகிதம். உங்களிடம் அச்சு நூல் இல்லையென்றால், கோப்பு முழுவதையும் கொடுத்தபின் விற்பதற்கு என்ன மிஞ்சும் என்பதை முதலில் எண்ணிப் பாருங்கள்.

என் பரிந்துரை, முழு நூலையும் கொடுக்காதீர்கள் என்பதே. செலக்ட் விதி, நூலில் பத்தில் ஒரு பங்கை முன்னோட்டமாகப் பிற இடங்களில் தர அனுமதிக்கிறது. 150 பக்க நூலென்றால் 15 பக்கம், அதாவது ஒரு முழுச் சிறுகதை. சில ஆண்டுகளுக்கு முன் சென்னைப் புத்தகக் காட்சியில் ஒரு கடைக்காரர் 16 பக்கச் சிறு பிரதி ஒன்றைக் கையில் திணித்தார். அதிலிருந்த ஒரு கதையை நின்றபடியே படித்து முடித்தேன். கடைசி வரிக்குக் கீழே நூலின் பெயரும் விலையும் அச்சாகியிருந்தன; திரும்பிப் போய் வாங்கினேன். பாதியில் நிற்கும் துண்டாக இல்லாமல் அது நிறைவான கதையாக இருந்ததுதான் என்னைத் திரும்ப வைத்தது. ஆகவே உங்கள் 14-இல் ஆகச் சிறந்ததையே கொடுங்கள். மிச்சம் மீதியைக் கொடுத்தால் வாசகர் அதை வைத்துத்தான் உங்களை எடைபோடுவார். கதை முடியும் அதே பக்கத்தில் நூலை வாங்கும் இணைப்பை வையுங்கள். ஐந்து இலவச நாட்களை, இரண்டாவது நூல் வெளியாகும் வாரத்துக்கென்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் நூலை இலவசமாகப் படித்து முடிப்பவர் உடனே வாங்க, அப்போதுதான் ஒரு நூல் இருக்கும்.

கேள்வி: கிண்டிலில் இலவச நாளில் ஒரு நூலைப் பெற்றேன். உறவினர் வாட்ஸ்அப் குழுவில் அதை பி.டி.எஃப். ஆக்கி அனுப்பச் சொல்கிறார்கள். இலவசம்தானே, அனுப்பலாமா? (சேலம் வாசகர்)

பதில்: அனுப்பக் கூடாது. ஒரு நாள் விலை இல்லாமல் கிடைத்ததால் பதிப்புரிமை போய்விடுவதில்லை. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி அது எழுத்தாளரின் ஆயுட்காலமும் அதன்பின் 60 ஆண்டுகளும் நீடிக்கிறது. நூலின் தொடக்கத்தில் உள்ள உரிமைப் பக்கத்தைப் பாருங்கள். கிரியேட்டிவ் காமன்ஸ் என்று குறிப்பிட்டிருந்தால் அதன் நிபந்தனைப்படி, ஆசிரியர் பெயருடன் பகிரலாம். இல்லையென்றால் கடைப் பக்கத்தின் இணைப்பை மட்டும் அனுப்பி, உங்களுக்குப் பிடித்த பகுதி எது என்றும் ஒரு வரி எழுதுங்கள். இலவச நாள் முடிந்துவிட்டாலும் நீங்கள் பெற்ற பிரதி உங்கள் கணக்கிலேயே இருக்கும்.