பாம்பன் பாலம் அடிக்கடி தாண்டுபவருக்கு எந்த ஆட்டோமேட்டிக் கார் நல்லது?

மண்டபத்திலிருந்து வாரம் நாலு தடவை ராமேஸ்வரம் போகிறீர்கள், ஏஎம்டி வகை ஆட்டோமேட்டிக் போதுமா, டிரான்ஸ்ஆக்சில் என்பது வேறு வகையா என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஏஎம்டி சாதாரண கியர்பாக்ஸ்தான். கிளட்ச், கியர் வேலையை மட்டும் நமக்குப் பதில் ஒரு கருவி செய்கிறது. இந்தியாவில் 2014-இல் மாருதி செலெரியோவில் வந்தது. விலை குறைவு. கியர் மாறும்போது தலை லேசாக முன்னால் ஆடும், பழகிவிடும். ஆனால் பாலத்து ஏற்றத்தில், கடல் பார்க்க வண்டியை நிறுத்தியவர்களுக்குப் பின்னால் மாட்டினால் பிரேக்கை மிதித்து நில்லுங்கள். ஆக்சிலேட்டரை லேசாக அழுத்தியே வண்டியைப் பிடித்து நிறுத்தினால் கிளட்ச் சூடாகிக் கருகும் வாடை வரும்.

டார்க் கன்வெர்ட்டர் என்ற இன்னொரு வகை ஆட்டோமேட்டிக்கில் அந்த வம்பு இல்லை. அங்கே இன்ஜினின் சுழற்சியை எண்ணெய்தான் கியருக்குக் கடத்துகிறது, ஊர்ந்து போக அதுவே சுகம். காசு இருந்தால் இதைத்தான் வாங்கச் சொல்வேன்.

சிவிடி என்ற மூன்றாவது வகையில் படிப்படியான கியரே கிடையாது. இரண்டு கப்பிகள், நடுவே ஒரு பெல்ட். சட்டென்று மிதித்தால் சத்தம் முதலில் வரும், வேகம் பின்னால் வரும்.

அப்புறம், டிரான்ஸ்ஆக்சில் தனி வகை இல்லை. கியர்பாக்ஸும், சுழற்சியை இரு பக்கச் சக்கரங்களுக்கும் பிரித்துத் தரும் டிஃபரென்ஷியலும் ஒரே கூட்டுக்குள் இருந்தால் அந்தப் பெயர். முன்சக்கரம் இழுக்கும் கார்களில் பெரும்பாலும் அதுதான்.

தனுஷ்கோடி மணலில் சக்கரம் புதைந்தால் எந்த வகையானாலும் ஆக்சிலேட்டரை அழுத்தாதீர்கள். இறங்கி மணலைத் தள்ளுங்கள்.