கணினிக் கேள்வி-பதில்: கட்டற்ற மென்பொருள்

இந்தப் பகுதியில் பதிலளிப்பவர் தொழில்முறை நிரலாளர் அல்லர். கட்டற்ற மென்பொருள்களை நெடுங்காலமாகப் பொழுதுபோக்காக நிறுவியும் நீக்கியும் கெடுத்தும் சரிசெய்தும் பழகியவர்.

கேள்வி: கட்டற்ற மென்பொருள், திறமூல மென்பொருள், இலவச மென்பொருள் என்று மூன்று பெயர்கள் மாறி மாறிக் காதில் விழுகின்றன. மூன்றும் ஒன்றுதானா?
(கல்லூரி மாணவி)

பதில்: மூன்றாவதை முதலில் ஒதுக்கிவிடலாம். இலவச மென்பொருள் என்பதற்கு விலை கிடையாது என்பது மட்டுமே பொருள். அதன் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்பதற்கோ மாற்றுவதற்கோ உங்களுக்கு உரிமை இருக்கவேண்டும் என்பதில்லை. ஆங்கிலத்தில் விலையின்மைக்கும் விடுதலைக்கும் ஒரே சொல் வழங்குவதால் அங்கே இந்த வேறுபாட்டைப் பக்கம் பக்கமாக விளக்கவேண்டியிருக்கிறது. தமிழில் ‘இலவசம்’ வேறு, ‘கட்டற்ற’ வேறு என்பதால் அந்தத் தொல்லை நமக்கு இல்லை.

கட்டற்ற மென்பொருள் என்ற எண்ணத்துக்குப் பின்னால் ஓர் அச்சுப்பொறி இருக்கிறது. 1980ஆம் ஆண்டு வாக்கில் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகச் செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்துக்குப் புதிய லேசர் அச்சுப்பொறி ஒன்று வந்தது. பழைய அச்சுப்பொறியில் தாள் சிக்கினால், அச்சிடக் காத்திருப்பவர்களின் கணினித் திரைக்குச் செய்தி போகுமாறு அங்கே பணியாற்றிய ரிச்சர்டு ஸ்டால்மன் நிரலைத் திருத்தி வைத்திருந்தார். புதியதன் மூலநிரல் (மனிதர் படித்துத் திருத்தக்கூடிய நிரல் வடிவம்) தரப்படாததால் அதில் அவ்வாறு செய்ய இயலவில்லை. மூலநிரலை வைத்திருந்த இன்னொரு பல்கலைக்கழகத்தவரிடம் கேட்டபோது, யாருக்கும் தருவதில்லை என்று ஒப்பந்தம் செய்திருப்பதாகக் கூறி அவர் மறுத்துவிட்டார். இதுபோன்ற அனுபவங்களின் தொடர்ச்சியாக 1983 செப்டம்பரில் ஸ்டால்மன், கட்டற்ற இயங்குதளம் ஒன்றை உருவாக்கும் குனூ திட்டத்தை அறிவித்தார். 1985இல் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையைத் தொடங்கினார். எந்த நோக்கத்துக்காகவும் இயக்குவது, படித்து மாற்றுவது, நகலைப் பிறருக்குக் கொடுப்பது, மாற்றியதையும் கொடுப்பது என்னும் நான்கு உரிமைகளும் இருந்தால்தான் ஒரு மென்பொருள் கட்டற்றது. (நிரலாளர்கள் வழக்கப்படி இந்த நான்கையும் பூச்சியத்திலிருந்து எண்ணுவார்கள்.)

‘திறமூலம்’ என்பதற்கான ஆங்கிலப் பெயர் 1998இல் கிறிஸ்டீன் பீட்டர்சன் பரிந்துரைத்தது. விடுதலை, உரிமை என்ற பேச்சைக் கேட்டுத் தயங்கிய நிறுவனங்களிடம் இதன் நடைமுறைப் பயனை எடுத்துச் சொல்ல அந்தப் பெயர் உதவியது. நீங்கள் நிறுவப்போகும் மென்பொருள்களில் பெரும்பாலானவை இரண்டு வரையறைகளுக்கும் உட்பட்டவை. எந்தப் பெயரால் அழைத்தாலும் கோப்பு அதே கோப்புதான்.

கேள்வி: பத்தாண்டுப் பழைய மடிக்கணினியில் லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவ ஆசை. உள்ளே இருப்பவை அழிந்துவிடுமோ என்ற அச்சம் தடுக்கிறது.
(ஓய்வுபெற்ற ஆசிரியர்)

பதில்: ஐயா, அந்த அச்சத்தை விட்டுவிடாதீர்கள். முதலில் உங்கள் கோப்புகளை வேறொரு வட்டில் நகலெடுத்து, அந்த வட்டைக் கணினியிலிருந்து கழற்றி அலமாரியில் வைத்துவிடுங்கள். பிறகு லினக்ஸைப் பென்டிரைவில் எழுதி, வன்தட்டில் எதையும் நிறுவாமல் பென்டிரைவிலிருந்தே இயக்கிப் பாருங்கள். வைஃபை கிடைக்கிறதா, ஒலி வருகிறதா, மூடித் திறந்தால் கணினி விழித்துக்கொள்கிறதா, திரையின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க முடிகிறதா என்ற நான்கையும் சோதித்த பிறகு நிறுவுவதைப் பற்றி முடிவெடுக்கலாம்.

‘கழற்றி’ என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பென்டிரைவில் எழுத நான் ‘டிடி’ என்ற கட்டளையைப் பயன்படுத்திவந்த காலம் அது. எந்த வட்டில் எழுதவேண்டும் என்பதைக் குறிக்கும் இடத்தில் ‘எஸ்டிசி’ என்று அடிக்கவேண்டியதை ‘எஸ்டிபி’ என்று அடித்துவிட்டேன். முன்னது பென்டிரைவ், பின்னது பத்தாண்டு ஒளிப்படங்கள் இருந்த வெளி வன்தட்டு. டிடி ‘உறுதியாகத்தானா?’ என்று கேட்காது; வேலை எந்த அளவில் இருக்கிறது என்றும் தானாகச் சொல்லாது. பென்டிரைவின் விளக்கு அசையாமல் இருக்க, வன்தட்டின் விளக்கு மினுமினுப்பதைக் கவனித்தபோது வட்டின் தொடக்கப் பகுதி முழுவதும் போய்விட்டிருந்தது. எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற பட்டியலும் அதோடு போயிற்று.

படங்களைப் பெருமளவு மீட்டுத் தந்ததும் ஒரு கட்டற்ற மென்பொருள்தான். ஃபோட்டோரெக் என்ற அந்தக் கருவி வட்டின் பட்டியலை நம்புவதே இல்லை. வட்டைத் தொடக்கத்திலிருந்து இறுதி வரை வரிசையாகப் படித்துக்கொண்டே போய், ஜேபெக் படம் என்றால் ‘எஃப்எஃப் டி8 எஃப்எஃப்’ என்ற மூன்று பைட்டுகளில்தான் தொடங்கும் என்பது போன்ற அடையாளங்களைக் கொண்டு கோப்புகளைப் பொறுக்கியெடுக்கிறது. இரவு முழுவதும் ஓடி, விடியும்போது ஆயிரக்கணக்கான படங்களைக் கொடுத்தது. ஆனால் பழைய பெயர் ஒன்றுகூட மிஞ்சவில்லை. ‘எஃப்’ என்ற எழுத்தும் அதன் பின்னால் ஒரு நீண்ட எண்ணுமாக எல்லாம் ஒரே மந்தையாகக் கிடந்தன. கேமரா ஒவ்வொரு படத்துக்குள்ளும் எடுத்த தேதியைப் பொதிந்து வைக்கும் என்பதால், எக்ஸிஃப்டூல் என்ற மற்றொரு கருவியைக் கொண்டு அந்தத் தேதியையே பெயராக மாற்றினேன். ஆண்டுவாரியாகப் படங்கள் மீண்டும் அடுக்கில் அமர்ந்தன. தேதி இல்லாதவை இன்றும் ‘தேதி தெரியாதவை’ என்ற கோப்புறையில் இருக்கின்றன.

எனவே முனையத்திலிருந்து (கட்டளைகளை அடிக்கும் சாளரத்திலிருந்து) பென்டிரைவில் எழுதுவதானால் அதற்கு முன் ‘எல்எஸ்பிஎல்கே’ (lsblk) என்று அடித்து ஒவ்வொரு வட்டின் கொள்ளளவையும் பார்த்துக்கொள்ளுங்கள். பதிவிறக்கிய கோப்பு வழியில் கெட்டுவிடவில்லை என்பதை, லினக்ஸ் வெளியீட்டாளர் தந்திருக்கும் 64 எழுத்து ‘ஷா-256’ சரிபார்ப்பு மதிப்போடு ஒப்பிட்டு உறுதிசெய்துகொள்வதும் நல்லது.

கேள்வி: நூற்றுக்கணக்கான லினக்ஸ் வழங்கல்களில் (வெவ்வேறு குழுக்கள் தொகுத்து வெளியிடும் வகைகளில்) எதைத் தேர்ந்தெடுப்பது?
(அலுவலகப் பணியாளர்)

பதில்: சிக்கல் வந்தால் நீங்கள் அழைக்கக்கூடிய நண்பர் எதைப் பயன்படுத்துகிறாரோ அதை. அப்படி ஒருவர் இல்லையென்றால் லினக்ஸ் மின்ட். மாதம் ஒரு வழங்கலாக மாற்றிப் பார்க்கும் ஆசை பிறகு வரும். அது தனிப் பொழுதுபோக்கு, அதற்குத் தனிக் கணினி வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஃபோட்டோஷாப்புக்கு மாற்றாகக் கிம்ப்பை முயன்றேன். எதுவும் இருக்கவேண்டிய இடத்தில் இல்லை. விட்டுவிடலாமா?
(ஒளிப்பட ஆர்வலர்)

பதில்: உங்கள் பிழைப்பே அதில்தான் என்றால் விட்டுவிடலாம், கைப்பழக்கத்தை மாற்றும் காலத்துக்கு யாரும் கூலி தரமாட்டார்கள். பொழுதுபோக்கு என்றால் ஒரு மாதம் பொறுத்துப் பாருங்கள். உங்கள் எரிச்சல் நியாயமற்றது என்று சொல்லமாட்டேன். நான் கற்றுக்கொண்ட காலத்தில் கிம்ப்பில் ஒரு வட்டம் வரைய, தேர்வுக் கருவியால் வட்டப் பகுதியைத் தேர்ந்து, பிறகு அதன் விளிம்புக்கு வண்ணம் இடவேண்டும் என்பதைக் கண்டுபிடிக்கவே எனக்கு ஒரு மாலை போயிற்று. நெடுநாள் குறையாக இருந்த ஒன்று 2025 மார்ச்சில் வந்த 3.0 பதிப்பில் தீர்ந்தது: விளைவுகளைப் படத்தின் மீது இட்ட பிறகும் அவற்றின் அளவைத் திரும்பப் போய் மாற்றலாம். கேமரா பதப்படுத்தாமல் தரும் ரா கோப்புகளுக்கு டார்க்டேபிளும், சின்னங்கள் வரைய இன்க்ஸ்கேப்பும், தூரிகை ஓவியத்துக்குக் கிருதாவும் கிம்ப்பைவிடப் பொருத்தமானவை. எல்லா வேலைகளையும் ஒரே கருவியில் எதிர்பார்ப்பதுதான் பாதி ஏமாற்றத்துக்குக் காரணம்.

கேள்வி: எனக்கு நிரல் எழுதத் தெரியாது. ஆனாலும் இத்திட்டங்களுக்கு ஏதேனும் செய்ய விரும்புகிறேன். வழி உண்டா?
(நூலகர்)

பதில்: உண்டு, அம்மா, நிரலாளர்கள் செய்ய விரும்பாத வேலைகளே அங்கே குவிந்து கிடக்கின்றன. இடைமுகத்தைத் தமிழாக்குவது, உதவிக் குறிப்புகளில் பழைய பதிப்பின் படங்கள் இருந்தால் புதியவற்றை இடுவது, புதியவர்களின் ஐயங்களுக்குப் பதில் சொல்வது எல்லாமே பங்களிப்புதான். ஆனால் நூலகர் என்று சொல்கிறீர்கள். வகைப்படுத்தவும் துல்லியமாகக் குறிப்பெடுக்கவும் பழகிய உங்கள் கைக்கு மிக ஏற்றது வழு (மென்பொருள் பிழை) அறிக்கை எழுதுவது.

என் முதல் வழு அறிக்கை வெட்கக்கேடானது. வருடிய (ஸ்கேன் செய்த) பக்கங்களைத் தொகுக்கும் ஒரு சிறு மென்பொருள் அடிக்கடி தானாக மூடிக்கொண்டது. ‘உங்கள் மென்பொருள் வேலை செய்யவில்லை’ என்று ஒரே வரியில் எழுதிப் போட்டேன். பராமரிப்பாளர் கோபப்படாமல் மூன்று கேள்விகள் கேட்டார்: எந்தப் பதிப்பு, என்னென்ன செய்தீர்கள், எது நடக்கும் என்று எதிர்பார்த்து எது நடந்தது. பதில் எழுத உட்கார்ந்தபோதுதான் எனக்கே எதுவும் தெரியாது என்பது தெரிந்தது. ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தேன். சிறிய கோப்பு, பெரிய கோப்பு, வண்ணம், கறுப்பு வெள்ளை எதிலும் வேறுபாடு இல்லை. கடைசியில் பெயர்தான் காரணம் என்று தெரியவந்தது: கோப்பின் பெயர் தமிழில் நீளமாக இருந்தால் மூடிக்கொண்டது, அதே கோப்புக்கு ஆங்கில எழுத்தில் பெயரிட்டால் ஓடியது.

காரணத்தைப் பிறகு அவரே விளக்கினார். ‘கோப்பு’ என்பது நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. கணினிக்கு அது க, ஓகாரக் குறி, ப, புள்ளி, ப, உகரக் குறி என ஆறு குறியீடுகள். எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட்டு என்பதால் மொத்தம் 18 பைட்டு. ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட்டு போதும். தலைப்புப் பட்டையில் காட்டுவதற்காக அந்த மென்பொருள் நீண்ட பெயர்களைக் குறிப்பிட்ட பைட்டு எண்ணிக்கையில் வெட்டியது. ஆங்கிலத்தில் எங்கே வெட்டினாலும் முழு எழுத்து மிஞ்சும், தமிழிலோ ஒரு குறியீட்டின் நடுவிலேயே கத்தி இறங்கியது. அந்த அரைகுறைத் துண்டைப் படிக்கத் தெரியாமல் நிரல் விழுந்தது. திருத்தம் சில வரிகள்தான். அடுத்த வெளியீட்டின் குறிப்பில் நன்றி என்று என் புனைபெயரும் இருந்தது. அந்தப் பக்கத்தை அச்செடுத்து வைத்திருக்கிறேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

கவனியுங்கள், ஆங்கிலம் மட்டும் பயன்படுத்துபவர் ஆயுள் முழுக்க அந்த வழுவைச் சந்தித்திருக்கமாட்டார். தமிழ்ப் பெயர்களோடும் தமிழ் நூற்பட்டியல்களோடும் நாள்தோறும் புழங்கும் நீங்கள் சந்திப்பீர்கள். பதிப்பு எண், செய்த படிகள், எதிர்பார்த்தது, நடந்தது ஆகியவற்றை எழுதி, வழுவைக் காட்டும் மிகச்சிறிய மாதிரிக் கோப்பு ஒன்றையும் இணைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அனுப்பும் முன், அதே வழுவை வேறு யாரேனும் முன்பே பதிந்திருக்கிறார்களா என்று தேடிப் பார்ப்பதும் மரியாதை.

கேள்வி: மூலநிரலை எல்லாரும் பார்க்கலாம் என்பதால் இவை பாதுகாப்பானவை என்கிறார்கள். திருடனும் பார்ப்பானே?
(வாசகர்)

பதில்: பார்ப்பான், சில சமயம் உள்ளே வந்து வேலையும் செய்வான். எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்கக் கருவியை ஏறத்தாழத் தனி ஆளாக ஒருவர் ஊதியமின்றிப் பராமரித்துவந்தார். புனைபெயரில் வந்த ஒருவர் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஒழுங்காகப் பங்களித்து நம்பிக்கையைப் பெற்று, பராமரிப்புப் பொறுப்பையும் பெற்றபின் 5.6.0, 5.6.1 ஆகிய பதிப்புகளில் ஒரு கள்ளவாசலை (தொலைவிலிருந்து பிறர் கணினிக்குள் மறைவாக நுழையும் வழியை) வைத்தார். அதை இயக்கும் துண்டு, எல்லாரும் பார்க்கும் மூலநிரல் களஞ்சியத்தில் இல்லாமல் வெளியீட்டுத் தொகுப்பில் மட்டும் இருந்தது. தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாக ஆவதைக் கண்டு, அது ஏன் என்று தோண்டிய ஆண்ட்ரஸ் ஃப்ராயிண்ட் என்ற பொறியாளர் 2024 மார்ச் 29 அன்று அதை வெளிப்படுத்தினார். பல வழங்கல்களின் நிலையான பதிப்புகளுக்குள் அது போய்ச் சேரும் முன்பே பிடிபட்டது.

எல்லாரும் பார்க்கலாம் என்பதற்கு எல்லாரும் பார்க்கிறார்கள் என்று பொருளில்லை. இணையத் தொடர்பை மறையாக்கும் ஓபன்எஸ்எஸ்எல் என்ற மென்பொருளில் 2014 ஏப்ரலில் வெளிப்பட்ட ஹார்ட்பிளீட் வழு, அதற்கு முன் இரண்டு ஆண்டுகளாக அனைவர் கண்முன்னும் இருந்தது. ஆனாலும் ஐயம் வந்த ஒருவர் யாரிடமும் அனுமதி கேட்காமல் தோண்ட முடிந்தது இந்த ஏற்பாட்டில்தான். வீட்டுப் பயனருக்கு என் ஆலோசனை, வழங்கலின் சொந்த மென்பொருள் களஞ்சியத்திலிருந்தே நிறுவுங்கள்; எங்கோ கண்ட கட்டளையைப் பொருள் தெரியாமல் முனையத்தில் ஒட்டாதீர்கள்.

கேள்வி: படங்களுக்குப் பெயர் மாற்றும் சிறு நிரல் ஒன்றை எழுதிப் பொதுவில் வைத்திருக்கிறேன். இனி அது கட்டற்ற மென்பொருள்தானே?
(பள்ளி மாணவர்)

பதில்: இன்னும் இல்லை, தம்பி. பொதுவில் வைத்ததால் எல்லாரும் படிக்கலாம், அவ்வளவே. உரிமம் எதுவும் தராதவரை பதிப்புரிமை முழுவதும் உன்னிடமே இருப்பதால், விதிகளை மதிப்பவர் எவரும் அதை எடுத்துப் பயன்படுத்தத் தயங்குவார். உன் நிரலை மாற்றி வெளியிடுபவரும் தம் மாற்றங்களை அதே உரிமையோடு தரவேண்டும் என்று நினைத்தால் ஜிபிஎல் உரிமத்தின் மூன்றாம் பதிப்பைத் தேர்ந்தெடு. உன் பெயரையும் உரிமக் குறிப்பையும் நீக்காமல் யார் எப்படி வேண்டுமானாலும் பயன்படுத்தட்டும் என்றால் எம்ஐடி உரிமம் போதும். ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடும். தேர்ந்தெடுத்த உரிமத்தின் முழு வாசகத்தையும் ஒரு சொல்லும் மாற்றாமல் ‘லைசென்ஸ்’ என்ற பெயரில் தனிக் கோப்பாக இன்றைக்கே சேர்த்துவிடு. நீண்ட தமிழ்ப் பெயர் உள்ள படம் ஒன்றைக் கொடுத்து அந்த நிரலை ஒருமுறை ஓட்டியும் பார்.