ஒன்பதாம் மாத ஊசி வரை காத்திருக்க வேண்டாம்

கேள்வி: என் மகனுக்கு நாலரை மாதம். பின்னந்தலையில் வலது பக்கம் சப்பையாக இருக்கிறது. எப்போதும் வலது பக்கமே திரும்பிப் படுக்கிறான். இடது பக்கம் திருப்பிவிட்டால் அழுகிறான். மூன்றரை மாத ஊசிக்குப் போனபோது கேட்டேன். "உட்கார ஆரம்பித்தால் சரியாகிவிடும், ஒன்பதாம் மாத ஊசிக்கு வரும்போது பார்க்கலாம்" என்றார்கள். மாமியார் கடுகுத் தலையணை தைத்துக் கொடுத்திருக்கிறார். குளிப்பாட்டும்போது அமுக்கிவிட்டால் தலை உருண்டு வரும் என்கிறார் அம்மா. நான்தான் ஒரே பக்கமாகப் படுக்கவிட்டுக் கெடுத்துவிட்டேனோ என்று மனது கிடந்து அடித்துக்கொள்கிறது. காத்திருக்கலாமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தாராபுரம்

பதில்: காத்திருக்க வேண்டாம். இந்த வாரமே குழந்தைநல மருத்துவர் ஒருவரிடம் காட்டுங்கள். பதறி ஓடும் அளவுக்கு ஆபத்தான விஷயம் இல்லை. ஆனால் சுலபமாகச் சரிசெய்யக்கூடிய காலம் இப்போதுதான் ஓடிக்கொண்டிருக்கிறது.

பிறக்கும்போது சுமார் 35 செ.மீ. சுற்றளவுள்ள தலை, முதல் மூன்று மாதம் மாதத்துக்கு 2 செ.மீ. வளரும். அடுத்த மூன்று மாதம் 1 செ.மீ. வீதம். அதன்பின் ஒரு வயது வரை மாதம் அரை செ.மீ.தான். தலை எவ்வளவு வேகமாக வளர்கிறதோ அவ்வளவு சீக்கிரம் சப்பை நிரம்பும். அரசு அட்டவணைப்படி 14-ஆவது வார ஊசிக்குப் பிறகு அடுத்தது ஒன்பதாம் மாதம்தான். நல்ல வளர்ச்சிக்கு மிச்சமிருக்கும் மாதங்கள் அந்த இடைவெளியில் போய்விடுகின்றன. ஊசிக்காகப் போகும்போதுதான் டாக்டரைப் பார்ப்பது என்ற வழக்கத்தை உங்கள் மகன் விஷயத்திலாவது விட்டுவிடுங்கள்.

உங்களுக்குச் சொன்ன பதில் முழுக்கத் தவறில்லை. நியூசிலாந்தில் 200 குழந்தைகளைப் பிறந்ததிலிருந்து தொடர்ந்து பார்த்து 2004-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். நான்கு மாதத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு குழந்தைக்குத் தலை சப்பை. இரண்டு வயதில் அது 3 சதவீதத்துக்குச் சற்று மேல். பெரும்பாலும் தானாகச் சரியாகிறது என்பது உண்மைதான். ஆனால் அது இரு பக்கமும் தாராளமாகத் தலையைத் திருப்பும் குழந்தைக்கு நிம்மதியாகச் சொல்லக்கூடிய பதில். உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது, இடது பக்கம் திருப்பினால் அழுகிறான் என்ற வரி. இடது கழுத்துத் தசை இறுகியிருந்தால் தலை இடப்பக்கம் சாய்ந்து முகம் வலப்பக்கம் திரும்பும். அப்படியானால் கழுத்தைக் கவனிக்காமல் தலையை மட்டும் பார்த்துப் பயனில்லை. இதற்கு பிசியோதெரபி உண்டு, சீக்கிரம் தொடங்கினால் நன்றாகவே கேட்கும். எப்படிப் பிடித்து எவ்வளவு நீட்ட வேண்டும் என்று உங்கள் கையைப் பிடித்துச் சொல்லித் தருவார்கள். வீடியோ பார்த்து நீங்களாக இழுக்க வேண்டாம். உரம் விழுந்திருக்கிறது என்று சொல்லி, சேலையில் போட்டு உருட்டி உரம் எடுக்க யாராவது கூப்பிட்டால் தயவுசெய்து கொடுக்காதீர்கள்.

இன்னொன்றையும் டாக்டர் பார்த்தாக வேண்டும். மண்டையோட்டு எலும்புகளுக்கு நடுவே இயல்பாகவே இருக்கும் இணைப்புக் கோடுகள், அதாவது தையல்கள், சில குழந்தைகளுக்கு முன்கூட்டியே மூடிவிடும். அபூர்வம்தான், சுமார் 2,000 முதல் 2,500 பிறப்புகளில் ஒன்று. அதற்கு அறுவை சிகிச்சை தேவைப்படலாம், அதுவும் முதல் வயதுக்குள். குளித்துத் தலை ஈரமாக இருக்கும்போது மடியில் உட்காரவைத்து, உச்சியிலிருந்து கீழே பாருங்கள். வலது காதும் வலது நெற்றியும் சற்று முன்னால் தள்ளியிருந்தால், படுத்துப் படுத்து வந்த சப்பையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். காது பின்னால் இழுத்த மாதிரி இருந்தாலோ, எலும்பு மேடு ஒன்று கைக்குத் தட்டுப்பட்டாலோ, பிறந்தபோதே தலை கோணலாக இருந்திருந்தாலோ மறக்காமல் சொல்லுங்கள். உச்சிக்குழி புடைத்திருக்கிறது, ஓயாமல் வாந்தி, வழக்கத்துக்கு மாறான சோர்வு என்றால் அன்றைக்கே போங்கள். பெரும்பாலும் கையால் தொட்டுப் பார்த்தே டாக்டர் கண்டுபிடித்துவிடுவார். எல்லாருக்கும் ஸ்கேன் தேவையில்லை.

சரி, கடுகுத் தலையணை. மாமியாரின் அன்பு புரிகிறது, ஆனால் வேண்டாம். பச்சைக் குழந்தை தூங்கும் இடத்தில் எந்தத் தலையணையும் மூச்சுக்கு ஆபத்து. தலை வடிவத்துக்கென்றே விற்கும் தலையணைகளையும் பயன்படுத்தக் கூடாது என்று அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2022-இல் எச்சரித்தது. அமுக்கிவிடுவதும் வேண்டாம். எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டட்டும், தலையை அழுத்தாமல்.

நீங்கள் எதையும் கெடுக்கவில்லை. மல்லாக்கப் படுக்கவைப்பதுதான் சரி. 1994-இல் அமெரிக்காவில் அதை ஓர் இயக்கமாகவே தொடங்கினார்கள். தூக்கத்தில் திடீரென்று இறக்கும் குழந்தைகளின் எண்ணிக்கை பாதியளவு குறைந்தது. அதோடு சப்பைத் தலை அதிகமானது உண்மை, ஆனாலும் உயிர் பெரிது. தூங்கவைப்பது மல்லாக்கத்தான், இனியும் அதை மாற்றாதீர்கள்.

மாற்ற வேண்டியது விழித்திருக்கும் நேரத்தை. முழித்திருக்கும்போது, நீங்கள் பக்கத்திலேயே இருந்து, குப்புறப் போடுங்கள். ஒரே மூச்சில் முடியாது. இரண்டு மூன்று நிமிடமாகத் தொடங்கி, நாள் முழுக்கச் சேர்த்து அரை மணி நேரமாவது வரட்டும். தரை பிடிக்கவில்லையென்றால் உங்கள் மார்பின் மேல் போட்டுக்கொள்ளுங்கள். கிலுகிலுப்பை, விளக்கு, பேச்சு எல்லாம் இடது பக்கத்திலிருந்து வரட்டும். வலப்பக்கம் சுவர் இருக்கும்படி படுக்கையைத் திருப்பிப் போடலாம். தூங்கியபின் முகத்தை மெதுவாக இடப்பக்கம் திருப்பிவிடுங்கள், திரும்பும் அளவுக்கு மட்டும். தூளியில் விளையாடவிட்டு வேலை பார்க்கும் வழக்கம் இருந்தால் குறையுங்கள். தூக்கிவைத்திருந்தால் மடிப்பழக்கம் வந்துவிடும் என்று யாராவது சொன்னால், டாக்டர் சொல்லியிருக்கிறார் என்று சொல்லிவிடுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை உச்சியிலிருந்து ஒரு போட்டோ எடுத்துவையுங்கள். முன்னேற்றம் இருக்கிறதா என்று அதில்தான் தெரியும்.

தலைக்கவசம், அதாவது ஹெல்மெட் சிகிச்சை, இப்போதே யோசிக்க வேண்டியதல்ல. நாளுக்கு 23 மணி நேரம் போல, சில மாதங்கள் போட வேண்டும், செலவும் அதிகம். நெதர்லாந்தில் 84 குழந்தைகளை வைத்து நடந்து 2014-இல் வெளியான ஆய்வில், மிதமானது முதல் கடுமையானது வரையிலான சப்பைக்குக் கவசம் போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் மிகக் கடுமையான சப்பை அந்த ஆய்வில் சேர்க்கப்படவில்லை. பயிற்சி கொடுத்தும் ஆறாம் மாதத்தில் சப்பை கடுமையாகவே நின்றால் அப்போது பேசலாம். ஒரு வயதுக்குப் பிறகு கவசத்தால் பலன் மிகக் குறைவு.

மூளைக்கு ஏதாவது ஆகுமா என்ற பயம் உங்களுக்கும் இருக்கும். இந்தச் சப்பை மூளையை நசுக்குவதில்லை. சில குழந்தைகளுக்கு இதோடு கூடவே தலை நிற்பது, குப்புற விழுவது தாமதமாகலாம். அதிகம் அசையாத குழந்தை ஒரே பக்கமாகக் கிடப்பது அதற்குக் காரணமாக இருக்கலாம். அதனால் வளர்ச்சிப் படிகளையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

செலவு கவலையாக இருந்தால், மாவட்ட அரசு மருத்துவமனையில் மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையம் இருக்கிறதா என்று விசாரியுங்கள். குழந்தைகளின் வளர்ச்சிக் குறைபாடுகளைச் சீக்கிரம் கண்டுபிடிக்கத்தான் அந்த மையங்கள், கட்டணம் கிடையாது. அங்கே போய், "கழுத்து இரண்டு பக்கமும் முழுசாகத் திரும்புகிறதா, தையல்கள் திறந்திருக்கின்றனவா, தலைச் சுற்றளவு சரியாக ஏறுகிறதா" என்று இந்த மூன்றையும் கேளுங்கள். மூன்றுக்கும் பதில் கிடைக்காமல் "போகப் போகச் சரியாகும்" என்று மட்டும் சொன்னால், இன்னொரு டாக்டரிடம் காட்டத் தயங்க வேண்டாம்.