பயணத்தில் தொற்றும் லீஜியோனெல்லா நிமோனியா: நுரையீரல் மருத்துவர் பதில்கள்

கேள்வி: ஹோட்டலில் நன்றாக இருந்த அப்பாவுக்கு, ஊர் திரும்பி ஒரு வாரம் கழித்துக் காய்ச்சல். பயணத்தால் இருக்குமா?

இருக்கலாம். நிமோனியாவை உண்டாக்கும் லீஜியோனெல்லா என்ற பாக்டீரியா உடம்புக்குள் போய் 2 முதல் 14 நாளில்தான் வேலையைக் காட்டும். இருமலோடு வயிற்றுப்போக்கும் பேச்சில் தடுமாற்றமும் சேர்ந்தால் எனக்குச் சந்தேகம் கூடும். இன்றே காட்டுங்கள்; மூச்சு வாங்கினால் நேராக அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். எங்கே தங்கினார் என்பதை, மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களாகவே சொல்லுங்கள். இதைக் கெஞ்சிக் கேட்கிறேன். இந்தக் கிருமி, நம்மைக் காக்க வரும் வெள்ளணுவுக்குள்ளேயே புகுந்து பெருகுவது. பென்சிலின் வகை மருந்துகள் அங்கே எடுபடாது. லீவோஃப்ளாக்சசின், அசித்ரோமைசின் போல அணுவுக்குள் நுழையும் மருந்து வேண்டும். அது தாமதமாகும் ஒவ்வொரு நாளும் ஆபத்து.

கேள்வி: சிறுநீர்ப் பரிசோதனை நெகட்டிவ். அப்படியானால் இது இல்லைதானே?

அப்படி முடிவு கட்ட முடியாது. அந்தச் சோதனை பெரும்பாலும் லீஜியோனெல்லாவில் ஒரே ஒரு வகையைத்தான் பிடிக்கும். சளியையும் சோதிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: அண்ணனை வென்டிலேட்டரில் குப்புறப் படுக்க வைத்திருக்கிறார்கள். நம்பிக்கை போய்விட்டதா?

இல்லை அம்மா. அவருக்காகப் போராடிக்கொண்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். அழற்சியால் நுரையீரலின் காற்றுப்பைகளில் நீர் கோத்துக்கொண்டால், எவ்வளவு ஆக்சிஜன் கொடுத்தாலும் ரத்தத்துக்குப் போய்ச் சேராது. ஏஆர்டிஎஸ் என்பது இதைத்தான். மல்லாந்து கிடந்தால் முதுகுப் பக்க நுரையீரல் அழுந்திக் கிடக்கும். குப்புறப் போட்டால் அது விரியும். ஒரு நாளில் 16 மணி நேரம்கூட அப்படி வைப்போம். முகம் வீங்கியிருக்கும், பார்த்தால் மனசு பதறும். அந்த வீக்கம் பிறகு வடிந்துவிடும். சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்றும் கேட்டுக்கொள்ளுங்கள், இந்த நோயில் அதுவும் அடிவாங்கும்.

கேள்வி: கூட இருந்து பார்த்துக்கொள்கிறேன். எனக்கும் ஒட்டிக்கொள்ளுமா?

பயப்படாமல் இருங்கள். பொதுவாக இது ஆளிடமிருந்து ஆளுக்குப் பரவாது.

கேள்வி: அப்புறம் எங்கிருந்துதான் வருகிறது?

தண்ணீரிலிருந்து. 1976இல் ஃபிலடெல்ஃபியா ஹோட்டல் ஒன்றில் கூடிய முன்னாள் படைவீரர்கள் கொத்தாக நிமோனியாவில் விழுந்தார்கள். கிருமி பிடிபட்டது 1977 ஜனவரியில்தான். பெயரும் அவர்களுடைய லீஜியன் அமைப்பை வைத்தே வந்தது. தேங்கிய வெதுவெதுப்பான குழாய்த் தண்ணீரில் வளர்ந்து, ஷவர், சுழல்நீர்த் தொட்டி (ஜக்குஸி), ஏசி குளிர்விப்புக் கோபுரம் இவற்றின் நீர்த்திவலையோடு மூச்சில் ஏறும்.

கேள்வி: அறைக்குள் போனதும் என்ன செய்யலாம்?

பல நாள் பூட்டிக் கிடந்த அறை என்றால் ஷவர் தலையைத் துண்டால் சுற்றி, திவலை பறக்காதபடி சில நிமிடம் தண்ணீரை ஓடவிடுங்கள். நீங்கள் வெளியே நில்லுங்கள். ஐம்பது தாண்டியவர்களும் புகைப்பவர்களும் சுழல்நீர்த் தொட்டிப் பக்கம் போகாதிருப்பதே நல்லது.