பழைய சிவிக்குக்கு எந்த இன்ஜின்?

கேள்வி: என்னிடம் 1994 மாடல் ஹோண்டா சிவிக் ஹேட்ச்பேக் இருக்கிறது. 1.5 லிட்டர் டி15 இன்ஜின் ஆயில் குடிக்க ஆரம்பித்துவிட்டது. அதற்குச் செலவு செய்வதைவிட, வேகமான வேறொரு இன்ஜினை மாட்டிவிடலாம் என்று நினைக்கிறேன். ஹோண்டாவின் பி16ஏ, பி18சி, கே20, கே24, எச்22 இன்ஜின்களில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். தினமும் வேலைக்குப் போவது இந்தக் காரில்தான். எப்போதாவது டிராக்கில் ஓட்டுவேன். ஏசி கட்டாயம் வேண்டும். எதை வாங்கலாம்?

பதில்: தினமும் ஓட்டும் கார், ஏசி கட்டாயம். இந்த இரண்டையும் வைத்துப் பார்த்தால் என் ஓட்டு பி18சிக்குத்தான். ஹோண்டாவின் இன்டெக்ரா காரிலிருந்து இறக்கிய முழு செட்டாக வாங்குங்கள். கியர்பாக்ஸ், டிரைவ் ஷாஃப்ட், இடையில் வரும் இன்டர்மீடியட் ஷாஃப்ட், கியர் ராடு, ஈசியு (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி), இன்ஜின் வயரிங், ஏசி பிராக்கெட் எல்லாம் அதில் இருக்க வேண்டும்.

காரணம் சொல்கிறேன். உங்கள் காரின் இதே பாடியில் ஹோண்டாவே பி16ஏ இன்ஜினைப் போட்டு விற்றிருக்கிறது. இஜி6 எஸ்ஐஆர் என்று சொல்வார்களே, அதுதான், 170 குதிரைத்திறன். அதனால் பி வரிசை இன்ஜின் எதுவானாலும் மவுண்ட் முதல் ஏசி கம்ப்ரெசர் வரை கம்பெனி பாகங்களை வைத்தே உட்கார வைத்துவிடலாம். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: உங்கள் டி15இன் கியர்பாக்ஸ் பி இன்ஜினோடு சேராது. 'இன்ஜின் மட்டும் போதும், இருக்கும் கியர்பாக்ஸிலேயே ஓட்டிக்கொள்ளலாம்' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அப்படியானால் பி16ஏவே போதாதா? டிராக்குக்கு மட்டும் என்றால் போதும். ஆனால் அதன் முழு இழுவை 157 நியூட்டன் மீட்டர், அதுவும் 7300 ஆர்பிஎம்மில்தான் கிடைக்கிறது. விடெக் (அதிக ஆர்பிஎம்மில் வால்வுகளைக் கூடுதலாகத் திறக்கும் ஹோண்டாவின் அமைப்பு) விழும் வரை அது சாதாரண 1.6 லிட்டர் இன்ஜின்தான். நெரிசலில் இரண்டாவது கியரில் ஊர்ந்துகொண்டிருக்கும்போது பழைய டி15இலிருந்து பெரிய மாற்றம் தெரியாது. பி18சியில் கூடுதலாக இருக்கும் 200 சிசி அந்த இடத்தில்தான் கைகொடுக்கும்.

உண்மையான இழுவை வேண்டுமென்றால் கே24இன் ஒரு வகையான கே24ஏ2தான். 225 நியூட்டன் மீட்டர், அதுவும் 4500 ஆர்பிஎம்மிலேயே. பி வரிசையைவிடப் புதியது, தேய்மானம் குறைவாக இருக்க வாய்ப்பு அதிகம், பெல்ட்டுக்குப் பதில் டைமிங் செயின். இதெல்லாம் நிஜமான நன்மைகள், குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் இந்த பாடிக்கு அது அந்நியம். பி இன்ஜினில் எக்ஸாஸ்ட் ரேடியேட்டர் பக்கம். கே இன்ஜினில் அது பின்னால், ஃபயர்வால் பக்கம். இன்ஜின் சுற்றுவதே எதிர்த் திசையில், அதனால் கியர்பாக்ஸும் இடம் மாறும். கியர் மாற்றுவது ராடில் அல்ல, கேபிளில். மவுண்ட், ஷாஃப்ட், எக்ஸாஸ்ட், கியர் லீவர், பெட்ரோல் லைன், வயரிங் எல்லாவற்றையும் தனியாக வாங்க வேண்டும். கே24 பிளாக் கே20ஐவிட ஏறக்குறைய 2 செ.மீ. உயரம் வேறு, பானெட் இடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். இத்தனை வேலையில் முதலில் பலியாவது ஏசி. அதற்கும் கிட் இருக்கிறது, செலவும் இருக்கிறது. இன்ஜின் விலையை மட்டும் பார்த்து கே பக்கம் போனவர்களின் கார்தான் பாதி வேலையோடு ஷெட்டில் நிற்கும். முழுக் கணக்கும் போட்டு, அது உங்களுக்குக் கட்டுப்படியாகும் என்றால் தாராளமாகப் போங்கள்.

எச்22 வேண்டாம். மூக்குப் பக்கம் பாரம் கூடிவிடும். இந்தச் சின்னக் காரின் அழகே அது வளைவில் திரும்புகிற விதம்தான்.

இன்ஜின் தேடுவதற்கு முன்னால் பின் வீல் ஆர்ச்சை ஒரு ஸ்க்ரூடிரைவரால் அழுத்திப் பாருங்கள். இந்த மாடலில் துரு முதலில் தின்னும் இடம் அதுதான். உள்ளே போகிறது என்றால் பணத்தை முதலில் பாடிக்குச் செலவழியுங்கள்.

கேள்வி: 'டைப் ஆர்' பி18சி என்று ஒருவர் விற்கிறார். வால்வ் கவர் சிவப்பு. கியர்பாக்ஸ் சேர்த்துத் தருகிறார், ஈசியு இல்லை. விலை ஆச்சரியமாகக் குறைவு. வாங்கலாமா?

பதில்: சிவப்பு கவரை எந்த இன்ஜின் மேலும் மாட்டலாம், அதை மறந்துவிடுங்கள். பிளாக்கில் கியர்பாக்ஸ் சேரும் இடத்தின் அருகே இன்ஜின் எண் பொறித்திருக்கும், அதை முதலில் படியுங்கள். பி18பி என்று இருந்தால் அது விடெக் இல்லாத பிளாக், மேலே வேறு ஹெட்டை வைத்திருக்கிறார்கள். பி18சி என்று இருந்தாலும் கதை முடியவில்லை. ஜப்பான் சந்தையில் இன்டெக்ராவின் ஜிஎஸ்ஆர், டைப் ஆர் வகைகள் இரண்டிலும் பி18சி என்றுதான் பொறித்தார்கள். ஹெட்டில் வார்த்திருக்கும் குறியீட்டைப் பாருங்கள்: பி72 என்றால் ஜிஎஸ்ஆர், பிஆர்3 என்றால் டைப் ஆர். பி16ஏ ஹெட்டிலும் பிஆர்3தான் இருக்கும், அதனால் பிளாக், ஹெட் இரண்டும் பொருந்த வேண்டும். கே வரிசையிலும் இதே வம்பு உண்டு. வெறும் 'கே20' என்றால் அது 160 குதிரைத்திறன் கே20ஏ3யாகவும் இருக்கலாம், 200 உள்ள கே20ஏ2வாகவும் இருக்கலாம்.

அப்புறம் உடல்நிலை. கியர்பாக்ஸ் கூடவே இருப்பதால் ஸ்டார்ட்டரும் பேட்டரியும் வைத்துத் இன்ஜினைத் தரையிலேயே சுழற்றிப் பார்க்கலாம். கம்ப்ரெஷன் டெஸ்ட் (சிலிண்டர்களின் அழுத்தச் சோதனை) கேளுங்கள். சிலிண்டர்களுக்குள் வித்தியாசம் 28 பிஎஸ்ஐக்கு மேல் போகக் கூடாது என்பது ஹோண்டாவின் கணக்கு. 'இதற்கெல்லாம் நேரமில்லை' என்று சொல்பவரிடம் வாங்காதீர்கள்.

இன்னொன்று, பலர் செய்வதில்லை: விடெக் சோலனாய்டைக் கழற்றச் சொல்லுங்கள். மூன்று போல்ட்தான். அடியில் இருக்கும் கேஸ்கெட்டில் சின்ன வலை ஒன்று இருக்கும். வலை சுத்தமாக இருந்தால் காலத்துக்கு ஆயில் மாற்றியிருக்கிறார்கள். கறுப்புப் பசை அடைத்திருந்தால், அல்லது மினுமினுவென்று உலோகத் துகள் தெரிந்தால், அங்கேயே கும்பிடு போட்டுவிடுங்கள்.

ஈசியு இல்லாததைப் பெரிய குறையாக நினைக்க வேண்டாம். ஆனால் தனியாக வாங்கும் விலையைச் சேர்த்துப் பாருங்கள், 'ஆச்சரியமான' விலை சாதாரண விலையாகிவிடும்.

கேள்வி: இன்ஜின் மாற்றியதை இன்ஷூரன்ஸுக்குச் சொல்லத்தான் வேண்டுமா?

பதில்: சொல்லத்தான் வேண்டும். விபத்துக்குப் பிறகு இன்ஜின் எண் ஒத்துப்போகவில்லை என்றால் கிளெய்மை நிராகரிக்க அதுவே போதும். பதிவு அலுவலகத்தில் என்ன அனுமதி வேண்டும், புகைச் சோதனையில் எந்த ஆண்டு விதியில் பார்ப்பார்கள் என்பதைப் பணம் கொடுப்பதற்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். விற்பவரிடம் இன்ஜின் எண் போட்ட பில் இல்லாமல் எதையும் வண்டியில் ஏற்றாதீர்கள்.

கேள்வி: பிரேக்கையும் மாற்ற வேண்டுமா? அது அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார் மெக்கானிக்.

பதில்: அப்புறம் அல்ல, இன்ஜினோடு சேர்த்தே செய்யுங்கள். சாதா மாடலில் முன்னால் 240 மி.மீ. டிஸ்க், பின்னால் டிரம். ஆற்றல் இரண்டு மடங்கை நெருங்கும்போது இது போதாது. இன்டெக்ராவின் 262 மி.மீ. டிஸ்க்கை நக்கிளோடு (வீலைத் தாங்கும் பாகம்) எடுத்துப் போடலாம்; பின்பக்க டிஸ்க்கும் அதே காரிலிருந்து வரும். 13 இஞ்ச் வீலுக்குள் இது அடங்காது, குறைந்தது 14 வேண்டும். இன்ஜின் செட் வாங்கும் காரிலிருந்தே பிரேக்கையும் பேசி எடுத்தால் மலிவாக முடியும்.